மன்னார்க் கடலின் பவளத் தீவுகள்

பாண்டி நாட்டின் கீழைக் கடல் பண்டு தொட்டே முத்துக்குப் பெயர் பெற்றது. சங்கப் புலவர் பாராட்டிய கொற்கை, இன்று கரையினின்று சில கல் தொலைவு உள்ளடங்கி நிற்கும் சிற்றூர் ஆகும். தாமிரபரணி கொணர்ந்த மண்ணும் மணலும் கழிமுகத்தைத் தூர்க்கவே, கடல் பின்வாங்கிற்று. கொற்கையின் வாணிகம் முதலிற் காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது.

‘முத்துக்குளித்தல்’ என்னும் வழக்கு நோக்கத்தக்கது. குளித்தல் என்பதற்கு நீருள் மூழ்குதல் என்பதே பழம்பொருள். உடம்பு கழுவுதல் என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த பொருள். பரதவர் கயிற்றிற் பிணித்த கல்லின்மேற் கால் ஊன்றி, மூச்சை அடக்கிக் கடலுள் இறங்குவர். பத்துப் பாகம், அஃதாவது ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்திலே சிப்பிகள் செறிந்த பாறைநிலம் இருக்கும். அதனைப் ‘பார்’ என்பர். கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைத்தவுடன், தோணியில் உள்ளார் மேலே இழுப்பர். சிப்பி வளம் குன்றியமையால், 1961-ஆம் ஆண்டிற்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

அன்று மூச்சை அடக்கியவர் மட்டுமே கண்ட கடலின் அடித்தளத்தை இன்று உடல் நனையாமற் காண வழி உண்டு. தூத்துக்குடி தொடங்கிப் பாம்பன் வரையில் கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் நிரல்பட அமைந்துள்ளன. இவற்றையும் இவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பினைத் தமிழக அரசு 1986-ஆம் ஆண்டிற் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. வனத்துறையின் இசைவின்றி இத்தீவுகளில் எவரும் கால் வைத்தல் ஆகாது. ஆயினும் மண்டபம், ஏர்வாடி முதலிய இடங்களிலே, அடிப்பகுதியிற் கண்ணாடி பதித்த படகுகளை வனத்துறையினர் காண்போர் பொருட்டு விட்டுள்ளனர்.

கடல் அமைந்திருக்கும் நாளிலேதான் இப்படகில் ஏறுதல் வேண்டும். காற்று மிக்குச் சேறு கலங்கினால், கண்ணாடியின் கீழே வெண்புகை போன்ற நீரன்றி வேறொன்றும் தோன்றாது. நீர் தெளிந்த வேளையிலோ, முதலில் வெண்மணல் தோன்றும். அடுத்துக் கடற்புல் அசையும். கடலோரத்தார் ‘ஆவுளியா’ என வழங்கும் கடற்பசு மேயும் புல் இதுவே. பின்னர் மான்கொம்பு போற் கிளைத்தனவும், மனித மூளை போற் சுருண்டு திரண்டனவுமாகிய பவளப் பாறைகள் எதிர்ப்படும். அவற்றின் இடுக்குகளில் வண்ண மீன்கள் புகுந்து வெளிவரும்.

இவை அணிகலனுக்கு ஆகும் செம்பவளம் அல்ல. அச்செம்பவளம் மத்தியதரைக் கடல் முதலிய இடங்களில் ஆழத்தில் விளைவது. ஈண்டுக் காண்பன சுண்ணக்கல் வகையின. கல்லெனத் தோன்றினும் இவை உயிருள்ளவை. கடுகளவும் விரற்கடையளவும் உள்ள எண்ணற்ற சிற்றுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாழ்ந்து, நீரிலுள்ள சுண்ணத்தைக்கொண்டு தமக்கு வீடு சமைக்கின்றன. அவற்றின் உடலுள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலின் உதவியால் உணவாக்கி அளிக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அப்பாசிகளால் அமைவதே. கடல்நீர் அளவு கடந்து சூடேறினால் பாசிகள் நீங்கும்; பவளம் வெளுத்துவிடும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார்க் கடலில் இவ்வாறு நேர்ந்தது. திரண்ட பவளம் ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். படகினின்று எறியும் நங்கூரம் ஒன்று அதன்மேல் விழுமாயின், ஒரு தலைமுறையின் வளர்ச்சி நொடியில் உடையும்.

மனிதரால் நேர்ந்த கேடு நங்கூரத்தினும் பெரிது. சுண்ணாம்பு நீற்றுவதற்காகப் பவளக் கற்களை நெடுங்காலம் பெயர்த்தெடுத்துக் காளவாய்களுக்கு ஏற்றினர். அக்கற்களே தீவுகளுக்கு அரணாய் நின்று அலையின் வேகத்தைத் தணித்தவை. அரண் போகவே அலை மணலை அரித்தது. தூத்துக்குடியை அடுத்த விலாங்குசல்லித் தீவும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் நீருள் மறைந்தன. 2001-ஆம் ஆண்டிற் பவள உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டு, அவற்றை எடுத்தல் குற்றமாயிற்று.

சட்டத்தின் சுமை கரையோரத்து ஏழையர் மேலும் விழுந்தது என்பதை மறைத்தல் தகாது. தீவுகளின் அருகே வழிவழியாக மீன் பிடித்தவரும், மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த மகளிரும் தம் தொழிலிடத்தை இழந்தனர். காண வருவோரை ஏற்றும் படகுகளால் ஊதியம் கிடைப்பினும், அஃது ஊரார் அனைவர்க்கும் போதாது.

விலாங்குசல்லியின் நிலையை எய்தவிருந்தது வான்தீவு. அதனைக் காக்க, 2015-ஆம் ஆண்டு தொடங்கித் துளைகள் அமைந்த காரைக் கூடுகளைத் தீவின் அருகே கடலடியில் வரிசையாக இறக்கினர். அவை அலையை உடைக்கின்றன. அவற்றுக்கும் தீவுக்கும் இடையே மணல் மீண்டும் படிகின்றது. கூடுகளின் துளைகளிலே மீன்களும் வந்து குடியேறியுள்ளன.