ஒரு பாஸ்பேட்டின் தடம்: எதிர்ப்பொருள்களும் மாதிரியின் முதல் நிமிடங்களும்

பட்டாசு மருந்தில் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்செனிக், ஈயம் ஆகிய ஐந்தும் எவ்வடிவிலும் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் உத்தரவிட்டபோது அதன் கவலை காற்று மாசு பற்றியதாக இருந்தது. ஆனால் அப்பட்டியலிலுள்ள ஆர்செனிக், ஈயம், பாதரசம் ஆகிய மூன்றும் புரத உற்பத்தியை ஆராயும் கூடங்களுக்கு வேறொரு வகையில் நெடுநாள் பழக்கமானவை. உயிரணுவில் புரதம் உருவாகத் தொடங்கும்போது முதல் அமினோ அமிலத்தை ரைபோசோமிடம் கொண்டுசேர்க்கும் காரணி இஐஎஃப்2 எனப்படும். அதன் ஆல்ஃபா துணையலகில் 51-ஆம் இடத்திலுள்ள செரின் மீது ஒரு பாஸ்பேட் ஏறிவிட்டால், அக்காரணி தன்னைப் புதுப்பித்துத் தரும் இஐஎஃப்2பி என்னும் துணைப்புரதத்தை இறுகப் பற்றிக்கொள்வதால் உற்பத்தி சரிகிறது. பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகள் நான்கு. அவற்றுள் எச்ஆர்ஐ என்பது ஹீம் குறையும்போதும் ஆர்செனிக் சேர்மங்களாலும் கிளர்ச்சியுறுவது. முயல் இரத்தத்தின் இளஞ்சிவப்பணுச் சாற்றில் ஈயம், பாதரசம், காட்மியம் ஆகியவையும் இதே பாஸ்பேட்டை ஏற்றியே உற்பத்தியை அடக்குகின்றன என்பது 1987-இல் வெளியான ஆய்வொன்றில் காட்டப்பட்டது.

இந்தியாவில் இவ்வொழுங்குமுறை பற்றிய குறிப்பிடத்தக்க ஆய்வொன்று பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. நமிதா சுரோலியாவும் கோவிந்தராஜன் பத்மநாபனும் 1991-இல் வெளியிட்ட அக்கட்டுரை, மலேரியா ஒட்டுண்ணியின் புரத உற்பத்தி ஹீமைச் சார்ந்திருப்பதையும், குளோரோகுயின் அதைத் தடுக்கும்போது ஒட்டுண்ணியின் இஐஎஃப்2 ஆல்ஃபாவில் பாஸ்பேட் மிகுவதையும், ஹீமின் சேர்த்தால் அது தணிவதையும் எடுத்துக்காட்டியது. அக்காலத்தில் இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொண்டே கண்டறியப்பட்டன. பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள்கள் கடைகளில் கிடைக்கத் தொடங்கிய பின்னர் வேலை எளிதாயிற்று. தவறு செய்வதும் அதே அளவுக்கு எளிதாயிற்று.

பட்டாசுத் தொழில் நடக்கும் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மணிமருந்து கலப்போரின் இரத்த அணுக்களில் இந்தப் பாஸ்பேட்டை அளக்க ஒருவர் முனைந்தால், அவருடைய முதல் சிக்கல் எதிர்ப்பொருளாக இராது, பயணமாகவே இருக்கும். இரத்தக் குழாயைப் பெட்டியில் வைத்து மதுரைக்குக் கொண்டுபோகும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. வெயிலும் குளிரும் குறையும் குளுக்கோசும் அவற்றுக்குப் புதிய நெருக்கடிகள் என்பதால் கைனேஸ் நொதிகள் பாஸ்பேட்டை ஏற்ற, பாஸ்படேஸ் நொதிகள் இறக்க, இறுதியில் ஜெல்லில் தெரிவது தொழிற்கூடத்தின் சுவடா சாலையின் சுவடா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. இரத்தம் எடுத்த இடத்திலேயே சில நிமிடங்களில் வெள்ளணுக்களைப் பிரித்து, எஸ்டிஎஸ் என்னும் வன்சோப்புக் கரைசலில் கரைத்து, 95 பாகை வெப்பத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைப்பதே அனுபவத்தில் நம்பத்தக்கதாகத் தெரியும் வழி. அப்போது இருவகை நொதிகளும் ஒருசேர மடிகின்றன. எஸ்டிஎஸ் குளிரில் வெண்மையாகப் படியும் என்பதால் ஜெல்லில் ஏற்றுமுன் குழாயை மீண்டும் சூடேற்ற வேண்டும். புரத அளவை அறிய பிராட்ஃபோர்டு முறை இக்கரைசலுக்கு ஒவ்வாது. பிசிஏ முறை ஒத்துவரும், ஆனால் மெர்காப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கிகளை அளவெடுத்த பின்னரே சேர்க்க வேண்டும்.

வெள்ளணுக்களைப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவில் ரைபோசோமே இல்லை. ரைபோசோம் எஞ்சியுள்ள இளஞ்சிவப்பணுக்களோ நூற்றுக்கு ஒன்றளவே. போதாக்குறைக்கு, ஹீமோகுளோபின் 16 கிலோடால்டன் பகுதியில் திரண்டு நின்று, 4இ-பிபி1 போன்ற சிறிய ஒழுங்குபடுத்திப் புரதங்களைத் தேடும் இடத்தையே மறைத்துவிடுவதோடு, பெராக்சிடேஸ் நொதியைப் போல நடந்து போலி ஒளியையும் எழுப்பக்கூடும்.

மென்மையான சோப்புக் கரைசலில் அணுக்களைக் கரைக்க நேர்ந்தால், சோடியம் ஆர்த்தோவனடேட்டை மட்டும் சேர்த்துவிட்டு நிம்மதியடையும் பழக்கம் பல கூடங்களில் காணப்படுகிறது. அது டைரோசின் மீதுள்ள பாஸ்பேட்டைக் காக்கும். இங்கே காக்க வேண்டியது செரின் மீதுள்ளது. ஆகவே சோடியம் ஃபுளோரைடும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும் கட்டாயம் வேண்டும். ஜெல்லிலிருந்து புரதங்களை மாற்றிப் பதித்த சவ்வின் வெற்றிடங்களை மூடுவதற்குப் பால்பவுடர் மலிவுதான். ஆனால் அதிலுள்ள கேசீன் தானே பாஸ்பேட் ஏறிய புரதமாதலால் பின்புலம் கருக்கும் வாய்ப்பு உண்டு, எனவே மாட்டு அல்புமினே பொருத்தம்.

ஏறத்தாழ 38 கிலோடால்டன் அளவில் ஒரு பட்டை தெரிந்துவிட்டால் அதுவே விடை என்று கொள்வது அவசரம். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்தில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் ஈடுபட்டோருக்கு, எந்தக் குழியில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்பில்லாத சங்கு வளையல் துண்டு வெறும் துண்டுதான். ஒப்பீட்டு மாதிரி இல்லாத பட்டையின் நிலையும் ஏறக்குறைய அதுவே. சோடியம் ஆர்செனைட்டை ஏற்ற அணுக்களின் சாறு பட்டையைக் காட்ட வேண்டும். 51-ஆம் செரினுக்குப் பதில் அலனைன் வைக்கப்பட்ட எலி அணுக்களின் சாறு காட்டக் கூடாது. அவ்வணுக்கள் கைக்கு எட்டாதபோது, சவ்வின் ஒரு துண்டை லாம்ப்டா பாஸ்படேஸில் ஊறவைத்துப் பார்க்கலாம். பட்டை மறையவில்லையெனில் எதிர்ப்பொருள் பாஸ்பேட்டைப் பார்க்கவில்லை என்றே பொருள். மொத்த இஐஎஃப்2 ஆல்ஃபாவையும் அளந்து விகிதம் காண்பது இன்றியமையாதது. அதற்கு முயலில் உருவான ஓர் எதிர்ப்பொருளையும் எலியில் உருவான மற்றொன்றையும் இருநிறச் சாயங்களோடு ஒரே சவ்வில் பயன்படுத்துவது, முதல் எதிர்ப்பொருளைக் கழுவி நீக்கிவிட்டதாக நம்பி மறுபடி தேடுவதைவிட நேர்மையானது.

இவ்வளவுக்குப் பிறகும், பாஸ்பேட் ஏறியது என்பதும் உற்பத்தி குறைந்தது என்பதும் இரு வேறு கூற்றுகள். இரண்டாவதை மெய்ப்பிக்க, வளரும் புரதச் சங்கிலியில் நுழைந்து அதை முறிக்கும் பியூரோமைசினை அணுக்களுக்குக் கொடுத்து, அம்மருந்தைப் பற்றும் எதிர்ப்பொருளால் அளக்கும் முறை 2009 முதல் வழக்கிலுள்ளது. அது உயிருள்ள அணுக்களில் மட்டுமே நடக்கும். கொதித்த சாற்றில் நடக்காது. ஆகையால் வெம்பக்கோட்டைக்குச் செல்லும் வண்டியில் பனிப்பெட்டியோடு, 37 பாகையில் நிற்கும் சிறிய நீர்த்தொட்டி ஒன்றும், மின்தடை நேரத்தில் அதை இயக்க ஒரு மின்கலமும் இடம்பெற வேண்டியிருக்கும்.