மடிக்கணினியின் தொடுபலகையை அடக்கும் முறை

கருவி யாதாயினும் அது தன்னைக் கையாள்வோன் கருத்திற்கு இயைந்து தொழில்புரிதல் வேண்டும். ஏவாத தொழிலை அது தானே செய்யத் தொடங்குமாயின், அதன் இயல்பை ஆராய்ந்து அடக்குதல் நம் கடனாம். இக்காலத்து மாணாக்கர் பலர் தம் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் மடிக்கணினியிலேயே எழுதுகின்றனர். எழுதுங்கால், டச்பேட் என வழங்கும் தொடுபலகையில் உள்ளங்கையின் ஓரம் பட்ட மாத்திரத்தில், கர்சர் வேறொரு வரிக்குத் தாவிவிடுகின்றது. சிலபோது ஒரு பத்தி முழுவதும் தேர்வாகி நிற்க, அடுத்து அழுத்தும் ஓரெழுத்து அப்பத்தியின் இடத்தைக் கவர்ந்துகொள்கின்றது. கண் கையேட்டில் பதிந்திருப்பின் இவ்விழப்பு உடனே தெரிவதுமில்லை. ஆதலின், இப்பலகையை எப்போது அடக்கலாம், எங்ஙனம் அடக்கலாம், அடக்கியதை எங்ஙனம் மீட்கலாம் என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வோம்.

இவ்விடர்க்கு மூலம் மடிக்கணினியின் வடிவத்திலேயே உள்ளது. 1991ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட பவர்புக் கணினிகளில் விசைப்பலகை திரைப்பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டது. அதன் முன்னே கை ஊன்றும் இடமும், அவ்விடத்தின் நடுவே உருட்டுதற்குரிய ஒரு பந்தும் அமைந்தன. 1994ஆம் ஆண்டில் வந்த பவர்புக் 500 வரிசையில் அப்பந்து நீங்கித் தொடுபலகை இடம்பெற்றது. பிற்காலத்தில் பலகைகள் அகன்று வளர்ந்தன. கை ஊன்றுதற்கென விட்ட இடத்திலேயே தொட்டால் இயங்கும் கருவியும் அமைந்தமையால், இரண்டற்கும் பிணக்கு நேர்தல் இயல்பேயாம்.

தொடுபலகை தொழில்புரியும் வகையையும் அறிதல் நன்று. மேற்பரப்பின் கீழே மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பரந்துள்ளன. நம் உடலும் மின்கடத்தியாதலின், விரல் அணுகிய இடத்தில் அக்கோடுகளின் மின்தேக்குதிறன் மாறுபடுகின்றது. அம்மாறுபாட்டைக் கொண்டே கணினி விரலின் இடத்தைக் கணிக்கின்றது. உள்ளங்கையும் விரலைப்போலவே மின்கடத்தியன்றோ? பரப்பு, வடிவு, அசைவு ஆகியவற்றைக் கொண்டே கணினி இரண்டையும் வேறுபடுத்தல் வேண்டும். அக்கணிப்புத் தவறுமிடத்து உள்ளங்கையும் விரலாகவே கொள்ளப்படும்.

இனி, அடக்குமுன் ஆராய வேண்டுவன மூன்று. முதலாவது, பலகையில் ஈரமோ வியர்வையோ உளதாவெனக் கண்டு, உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். இரண்டாவது, மின்னேற்றி இணைந்திருக்கும்போது மட்டும் கர்சர் நடுங்குமாயின், அதனைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். நடுக்கம் நின்றால் குற்றம் மின்னேற்றியிலோ அதன் மின்னிணைப்பிலோ இருத்தல் கூடும். மூன்றாவது எல்லாவற்றினும் முக்கியமானது. பலகை மேலெழும்பியோ, அழுத்தவொண்ணாமல் இறுகியோ, தன் சட்டத்தினின்று விலகியோ காணப்படின், அடியிலுள்ள லித்தியம் பேட்டரி வாயு நிறைந்து வீங்கியிருக்கலாம். அத்தகைய பேட்டரி தீப்பற்றும் அபாயமுடையது. பலகையை அடக்கிவிட்டு எழுத்துவேலையைத் தொடர்தல் அங்கே பெருந்தவறாகும். கணினியை அணைத்து, மின்னேற்றாது, அழுத்தாது, குத்தாது, பழுதுபார்ப்போரிடம் சேர்ப்பித்தலே முறை.

இக்குறைகள் இல்லாவிடத்து, முதலில் சிறு மருந்தே போதும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் என்பதனுள் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதனுள் டச்பேட் என்னும் பகுதியை அடைந்து, தட்டினாலே கிளிக் ஆகும் வசதியை நீக்கலாம், உணர்திறனையும் குறைக்கலாம். பலர்க்கு இவ்வளவில் தொல்லை தீரும்.

தீராவிடின், மவுஸ் ஒன்றை இணைத்துக்கொண்டு, அஃது இணைந்துள்ளபோது மட்டும் பலகை ஓய்ந்திருக்குமாறு அமைத்தலே சிறந்தது. விண்டோஸில் அதே டச்பேட் பகுதியில், மவுஸ் இணைந்திருக்கும்போதும் பலகை இயங்குக என்னும் கட்டத்திலுள்ள குறியை எடுத்துவிடல் வேண்டும். மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸ், அக்ஸெஸிபிலிட்டி, பாயிண்டர் கண்ட்ரோல் என்னும் வழியே சென்றால், மவுஸ் உள்ளபோது உட்பொருந்திய டிராக்பேடைப் புறக்கணிக்கும் விருப்பத்தைக் காணலாம். இம்முறையில் மவுஸை நீக்கிய அளவில் பலகை மீண்டும் உயிர்பெறும். ஆயினும் கம்பியில்லா மவுஸின் சிறு வாங்கி கணினியில் செருகியிருக்க, மவுஸின் பேட்டரி மட்டும் தீர்ந்துவிடின், மவுஸ் இணைந்திருப்பதாகவே கணினி கொள்ளக்கூடும். அப்போது அவ்வாங்கியைப் பிடுங்கிவிடுக.

முற்றும் அடக்கும் வழிகளும் உள. விண்டோஸின் டச்பேட் பகுதியிலேயே அதற்கொரு பொத்தான் உண்டு. சில மடிக்கணினிகளில் எஃப் வரிசை விசைகளுள் ஒன்று பலகையின் படம் பொறித்து நிற்கும்; அதனைத் தனித்தோ, எஃப்என் விசையோடு சேர்த்தோ அழுத்தினால் பலகை அடங்கும், மறுமுறை அழுத்தினால் எழும். பலகை பழுதாயிற்றென்று வருந்துவோருள், அறியாது இவ்விசையைத் தொட்டவரும் இருத்தல் கூடும்.

முற்றும் அடக்குவோர் மீளும் வழியை முன்னரே பயின்றிருத்தல் இன்றியமையாதது. மவுஸ் கைவிட்ட வேளையில் விசைப்பலகையே துணை. விண்டோஸ் விசையையும் ஐ என்னும் எழுத்தையும் ஒருங்கே அழுத்தின் செட்டிங்ஸ் திறக்கும். டேப் விசையாலும் அம்புக்குறி விசைகளாலும் நகர்ந்து, என்டரால் உட்புகுந்து, ஸ்பேஸ் விசையால் பொத்தானை மாற்றலாம். பலகையை அடக்குமுன் ஒருமுறை இவ்வழியே சென்று பார்த்தல் நலம். தேர்வுக்கு முன்னிரவில் கணினி கைக்கு அடங்காது நிற்கும் நிலை அதனால் தவிரும்.

இறுதியாக ஒன்று கூறுவோம். எழுதிய பத்தி கண்முன் மறையுமாயின், பதற்றத்தால் வேறெதனையும் தட்டாது, விண்டோஸில் கண்ட்ரோல் விசையோடும் மேக்கில் கமாண்ட் விசையோடும் இசட் எழுத்தைச் சேர்த்து அழுத்துக. இழந்தது பெரும்பாலும் திரும்பும். அதன்பின் அமர்ந்து, மேற்கூறியவற்றுள் தமக்கு ஏற்றதொன்றைத் தேர்ந்து செய்துகொள்வாராயின், நம் மாணவ நண்பர்கள் தம் உழைப்பின் பயனை இழவாது காப்பர்.