முழங்கை முறிந்தால்: கட்டுவதும் அசைப்பதும்

மழைக் காலத்தில் மலையில் வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றித்தான் விழுகிறார்கள். கொய்யா மரத்தில் ஏறும் பிள்ளைகளும் அப்படியே. முழங்கை வீங்கினால், "சும்மா சுளுக்குத்தான்" என்று எண்ணெய் போட்டு உருவி, இறுக்கிக் கட்டிவிடும் பழக்கம் நம் லயங்களில் இன்னும் இருக்கிறது. அது ஏன் ஆபத்து என்று பார்ப்போம்.

முதல் சில மணி நேரம்

கைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் முழங்கையின் முன்பக்கமாகப் போகிறது. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலேதான் அதிகமாக முறியும். முறிந்த எலும்பு அந்தக் குழாயை அழுத்தலாம். அதன்மேல் இறுக்கிக் கட்டினால் சதை செத்து, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஜெர்மனிய வைத்தியர் வோல்க்மன் இதை 1881இலேயே விளக்கி எழுதினார்.

ஆகவே கையை இழுக்காதீர்கள், உருவாதீர்கள். வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். கை இருக்கிறபடியே துவாயால் தாங்கி, தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். விரல் வெளுத்தால், குளிர்ந்தால், மரத்தால், விரலை நீட்டும்போது தாங்க முடியாமல் வலித்தால் ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது. லக்கலயிலிருந்து ரிவஸ்டன், ரத்தோட்டை வழியாக மாத்தளை ஆஸ்பத்திரிக்கு இறங்கவே நேரம் போகும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசம்.

சத்திர சிகிச்சை எப்போது?

எலும்பு விலகாவிட்டால் கட்டே போதும். பிள்ளைகளுக்கு நன்றாக விலகியிருந்தால், மயக்கம் கொடுத்து எலும்பை நேராக்கி, மெல்லிய கம்பிகளைத் தோலுக்கூடாகச் செலுத்துவார்கள். 3, 4 வாரத்தில் அவற்றை எடுத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு முழங்கை நுனி உடைந்து விலகினால் பின்புறச் சதை அந்தத் துண்டை மேலே இழுத்துவிடும். கம்பியாலோ தகட்டாலோ பிணைக்க வேண்டும். மூட்டுக்குள்ளேயே உடைந்து விலகினால் தகடும் திருகாணியும் வேண்டும்.

ஆபரேசனுக்குப் பிறகு

பிள்ளைகளின் கை பெரும்பாலும் சில மாதங்களில் பழையபடி வந்துவிடும். பெரியவர்களின் முழங்கை சீக்கிரம் விறைத்துப் போகும். 3 வாரத்துக்கு மேல் அசையாமல் வைத்தால் மடக்குவது கஷ்டம். ஆகவே டாக்டர் சொன்ன நாளிலிருந்து நீங்களே மெதுவாக மடக்கி நீட்டுங்கள். பிறரை விட்டு இழுக்கவோ பிசையவோ கூடாது. சதைக்குள் எலும்பு வளரக்கூடும். சிறுவிரல் மரத்தாலோ, காயத்தில் சீழ் வந்தாலோ உடனே திரும்பப் போங்கள்.

சிலருக்குக் கை முழுதாக நீளாது. அதற்காகப் பயப்பட வேண்டாம். கொஞ்சம் குறைந்தாலும் அன்றாட வேலை செய்யலாம். ஆனால் நன்றாக மடங்காவிட்டால் கொழுந்தை முதுகுக் கூடையில் போட முடியாது, சோறு வாய்க்கு எட்டாது.

"கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போகுதே" என்கிறோம். உண்மைதான். ஆனால் கை விறைத்துவிட்டால் எத்தனை பேர் போகும் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.