சீனரின் உடலுழைப்பும் அதனை ஆக்கும் சூழலும்

தேகத்தின் இயக்கம் ஒருவனுடைய விருப்பத்தை மாத்திரம் பொறுத்தது என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. நாள்தோறும் நடப்பவனைச் சுறுசுறுப்புடையோன் என்றும், நடவாதவனைச் சோம்பன் என்றும் கூறி அமைகின்றோம். இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்தற்குச் சீனதேசத்தின் அண்மைக்கால வரலாறு நல்லதோர் உரைகல்லாகும். ஒரு தலைமுறைக் காலத்துள்ளே அங்குள்ள கோடிக்கணக்கான மக்கள் உழைக்கும் முறையும், உறையும் இடமும், செல்லும் வழியும் மாறின. அவற்றோடு அவர்தம் உடலியக்கமும் மாறிற்று. அம்மாற்றத்தின் காரணங்களை ஈண்டு முறையே நோக்குவோம்.

முதற்கண் உடலியக்கம் என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். மைதானத்திற் செய்யப்படும் தேகாப்பியாசம் மாத்திரம் உடலியக்கம் ஆகாது. தொழில் செய்யுங்கால் நிகழ்வது, வீட்டுவேலையில் நிகழ்வது, ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குச் செல்லுங்கால் நிகழ்வது, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்வது என அதனை ஆராய்ச்சியாளர் நால்வகைப்படுத்துவர். வளர்ந்தோர் வாரந்தோறும் குறைந்தது 150 நிமிடமேனும் மிதமான இயக்கம் உடையராதல் வேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் அறிவுரை. வயலிற் களை பிடுங்குபவனுக்கு இவ்வளவு ஒரு காலைப்பொழுதிலேயே நிறைவேறிவிடும். மேசையின் முன் அமர்ந்து எழுதுபவனோ இதனைத் தேடிச் சென்று பெறுதல் வேண்டும். இவ்வேறுபாட்டினை உளங்கொண்டு சீனத்தை நோக்குவோமாக.

சீனத்தில் 1978 ஆம் ஆண்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேரே நகரவாசிகளாயிருந்தனர். 2011 இல் நகரவாசிகளின் தொகை பாதியைக் கடந்தது. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அது நூற்றுக்கு 64 வரை உயர்ந்தது. 1989 இல் ஆரம்பிக்கப்பட்ட சீன சுகாதார போசாக்கு ஆய்வு, பல மாகாணங்களிலுள்ள குடும்பங்களைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து விசாரித்து வந்தது. 1991 இலிருந்து 2006 வரையுள்ள காலத்தில் வளர்ந்தோரின் வாராந்த உடலியக்கம் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பங்கு குறைந்ததென அதன் தரவுகள் காட்டின. இக்குறைவிற் பெரும்பங்கு தொழிலின்கண் நேர்ந்தது. உழவையும் கைத்தொழிலையும் இயந்திரங்கள் ஏற்றன. இளைஞர் வயலை விட்டு அலுவலகத்துக்கும் கடைக்கும் சென்றனர். வீடுகளிற் குழாய்நீரும் சலவை இயந்திரமும் வந்தபின் பெண்டிரின் வேலைப்பளுவும் குறைந்தது. இவை யாவும் நன்மைகளே. துலாவில் நீர் சுமந்தோரை மீண்டும் நீர் சுமக்கச் சொல்வார் எவருமிலர். ஆயினும், நன்மையொன்று வரும்பொழுது அதன் நிழலாக வேறொன்றும் வருதலை மறத்தலாகாது.

இரண்டாவது, செல்லும் வழி. ஒருகாலத்திற் சீனம் துவிச்சக்கர வண்டிகளின் இராச்சியம் எனப் பெயர் பெற்றிருந்தது. தியன்சின் நகரிற் செய்யப்பட்ட ‘பறக்கும் புறா’ வண்டியை உடைமையாகப் பெறுதல் ஒரு குடும்பத்தின் பேறாக எண்ணப்பட்டது. தொழிலாளியும் ஆசிரியரும் அதிகாரியும் ஒரே வீதியில் மிதித்துச் சென்றனர். பின்னர் மோட்டார் வாகனங்கள் பெருகவே, மிதிவண்டிக்குரிய ஒழுங்கைகள் பலவிடங்களிற் சுருங்கின. 1989 க்கும் 1997 க்கும் இடையில் மோட்டார் வாகனம் பெற்ற ஆடவர், பெறாதாரினும் சராசரி 1.8 கிலோகிராம் அதிகமாக எடை கூடினர் என்றும், அவர்கள் மிகைப்பருமன் எய்தும் வாய்ப்பு இருமடங்காயிற்று என்றும் மேற்கூறிய ஆய்வின் தரவுகளைக் கொண்டு கணக்கிடப்பட்டது. இவ்வாடவர் திடீரெனச் சோம்பர் ஆயினர் எனக் கூறுதல் தகுமோ? அவர்தம் பயணமே மாறிற்று என்பதன்றோ உண்மை?

மூன்றாவது, உறையும் இடம். பழைய தொழில் நிலையங்கள் தம் ஊழியர்க்கு வேலைத்தலத்தின் அருகிலேயே வீடும் கடையும் பள்ளியும் அமைத்திருந்தன. ஆதலின் நடந்தே யாவும் முடிந்தன. அம்முறை தளர்ந்தபின் வேலைத்தலமும் வீடும் தூரப்பட்டன. மதில் சூழ்ந்த பெருங் குடியிருப்புக்களும், கடத்தற்கரிய அகன்ற வீதிகளும் நகரங்களிற் பெருகின. வளியும் மாசடைந்தது. 2013 சனவரியிற் பெய்ஜிங் நகரைப் புகைமூட்டம் மூடியபொழுது வெளியில் நடத்தலைத் தவிர்க்குமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். உடல்நலம் கருதி நடக்கச் சென்றவன் அதே காரணத்தால் வீட்டினுள் அடைபட்டான். அவ்வாண்டிலேயே அரசு வளித்தூய்மைத் திட்டமொன்றை வகுத்தது. அந்நகரின் நுண்டூசு ஆண்டுச் சராசரி ஒரு கனமீற்றருக்கு 89.5 மைக்கிரோகிராமிலிருந்து 2017 இல் 58 ஆகக் குறைந்தது. சூழலைக் கெடுப்பது மனிதர் செயலாயின், அதனைத் திருத்துவதும் அவர்தம் செயலே என்பதற்கு இது சான்றாகும்.

நான்காவது, சமுதாயம். கல்விமான் உடலால் உழைத்தல் தகாது என்னும் எண்ணம் பழஞ் சீனத்தில் வேரூன்றியிருந்தது. 1917 இல் இளைஞராயிருந்த மாவோ சேதுங் ‘புதிய இளைஞர்’ என்னும் சஞ்சிகையில் உடற்கல்வியை வலியுறுத்திக் கட்டுரை வரைந்தார். 1951 நவம்பரில் முதலாவது வானொலித் தேகப்பயிற்சி வெளியிடப்பட்டது. வானொலியில் இசையும் எண்ணிக்கையும் ஒலிக்கப் பள்ளியிலும் தொழிற்சாலையிலும் யாவரும் ஒருங்கு நின்று பயின்றனர். தனியே செய்ய நாணுவோனும் கூட்டத்தோடு செய்ய நாணான் என்னும் உண்மையை அது நன்கு பயன்படுத்திற்று. 1956 இல் தைச்சி என்னும் பழங்கலை 24 நிலைகளாகச் சுருக்கப்பட்டுப் பொதுமக்களுக்கு எளிதாக்கப்பட்டது. 1995 இல் விளையாட்டுத்துறைச் சட்டமும் தேசிய உடல்நலத் திட்டமும் தோன்றின. 2009 முதல் ஆகஸ்டு 8 ஆம் நாள் தேசிய உடல்நல நாளாகக் கொள்ளப்படுகின்றது.

இத்திட்டங்களினும் வியப்புத் தருவது மக்கள் தாமே கண்ட சதுக்க நடனமாகும். மாலையிற் பொதுச் சதுக்கங்களிற் கூடி இசைக்கேற்ப ஆடுவோருட் பெரும்பாலார் நடுத்தர வயதினரும் முதியோருமாகிய பெண்டிர். பெண் தொழிலாளர் 50 வயதிலும், பெண் அலுவலர் 55 வயதிலும் ஓய்வு பெறும் விதி 2024 இறுதி வரை நிலவிற்று. ஆதலின் அவர்க்கு ஓய்வு உண்டு, செலவில்லை, தோழமையும் கிடைக்கின்றது. எனினும் ஒலிபெருக்கியின் ஓசை அயலாரை வருத்தியது, வழக்குகளும் எழுந்தன. 2022 யூனில் நடைமுறைக்கு வந்த ஒலிமாசுச் சட்டம் இத்தகைய ஓசைக்கு எல்லை வகுத்தது. இடம் ஒன்று, உரிமையுடையோர் பலர் என்பதே இப்பிணக்கின் வேர்.

அயலில் முதியோர் ஆடுங்கால் அவர்தம் மக்கள் எங்கே? காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வாரத்தில் ஆறு நாள் வேலை வாங்கும் வழக்கம் சில தொழிற்றுறைகளிற் பரவியிருந்தது. அது சட்டத்துக்கு மாறானது என உயர் மக்கள் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் எடுத்துரைத்தது. பன்னிரண்டு மணிநேரம் நாற்காலியில் இருந்தவனுக்குத் தேகப்பயிற்சியின் பெருமையைப் போதித்தல், பசித்தவனுக்குப் போசாக்கின் இலக்கணம் கூறுதலை ஒக்கும்.

இதுகாறும் கூறியவற்றால், மனிதன் இயங்குவதற்குத் தொழில், வழி, இடம், ஓய்வு, துணை என்னும் ஐந்தும் வேண்டற்பாலன என்பது பெறப்படும். தன்முயற்சியின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. வித்து நல்லதாயினும் நிலமும் நீரும் இன்றேல் முளையாது என்கின்றோம். உடற்பயிற்சி ஆசிரியராகவும், வைத்தியராகவும், நகர் அமைப்போராகவும், பிறரை வேலை கொள்வோராகவும் ஆகவிருக்கும் மாணவர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். ஒருவனை நோக்கி ‘நீ ஏன் நடந்திலை?’ என வினவுமுன், நடத்தற்குரிய நிழல்வழியும் நேரமும் அவனுக்கு உளவோ என வினவுதல் அறிவுடையோர் கடனாம்.