மாட்டின் இதயத்தைக் குத்தும் கம்பி: இரத்தப் பரிசோதனை தரும் துப்பு

கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைகளை ஒட்டிய நிலங்களில் மேயும் மாடுகள், புல்லோடு ஆணியையும் கம்பித் துண்டையும் விழுங்கிவிடக்கூடும். மாடு நன்கு மெல்லாமல் விழுங்கிப் பின்னரே அசைபோடுவதே இதற்குக் காரணம். கம்பி இரண்டாம் இரைப்பையில் தங்கி, முன்னேயுள்ள உதரவிதானத்தைத் துளைத்து இதயத்தைக் குத்தக்கூடும்.

அறிகுறிகள்: தீவனம் எடுக்காது, பால் குறையும், முதுகை வளைத்து, முன்னங்கால்களை அகட்டி நின்று முனகும். நோய் முற்றினால் கழுத்தின் இரத்தக்குழாய் கயிறுபோல் புடைத்து, அலைதாடி வீங்கும். அதன்பின் பிழைப்பது அரிது.

இரத்தப் பரிசோதனை: இதயத் தசை காயமுற்றால் அதிலுள்ள 'ட்ரோப்போனின்' என்னும் புரதம் இரத்தத்தில் கசியும். மனிதரின் மாரடைப்பையும் குதிரையின் இதயத் தசைச் சேதத்தையும் அறிய அளக்கப்படுவதும் இதுவே. வெள்ளணுக்கள் மிகுந்தால் அழற்சி இருக்கலாம். ஆயினும் இரத்தம் காயத்தைக் காட்டுமேயன்றிக் கம்பியைக் காட்டாது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களும் வேண்டும். ஆகவே முதல் அறிகுறியிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

தடுப்பு: மருத்துவர் வாய்வழியே செலுத்தும் காந்தம் இரைப்பையில் தங்கி இரும்பைப் பற்றிக்கொள்ளும், செம்பு, அலுமினியக் கம்பிகளைப் பற்றாது. எனவே மேய்ச்சல் நிலத்திலும் வைக்கோற்போரிலும் கிடக்கும் கம்பிகளைப் பொறுக்கி அகற்றுவதே முதற்கடமை.