கதவைத் தட்டாத காவலர்: அந்தரங்க உரிமை பற்றி ஓர் ஆய்வு

முன்னுரை

“மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்” என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்தரங்க உரிமை பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் இப்பழமொழியும் தவறாமல் வந்து நிற்கிறது. “குற்றம் செய்யாதவன், அரசு தன்னைக் கவனிப்பதற்கு ஏன் அஞ்சவேண்டும்?” என்று நண்பர்கள் கேட்கின்றனர். விடுதியின் உணவுக் கூடத்திலும் வகுப்பறை விவாதங்களிலும் நான் பலமுறை கேட்ட வினா இது.

பழமொழியைச் சற்று ஊன்றி நோக்குவோம். மடியில் இருக்கும் கனம் திருட்டுப் பொருள் என்று யார் சொன்னது? பாடுபட்டுச் சேர்த்த பணத்தை மடியில் முடிந்துகொண்டு இருட்டு வழியில் நடப்பவனுக்கும் அச்சம் உண்டு. அவன் குற்றவாளி அல்லன். இழப்பதற்கு ஏதோ ஒன்றை உடையவன், அவ்வளவே. இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி என்னும் கனம் இருக்கிறது. நம் நட்பு, நோய், கடன், கருத்து, நாம் சென்றுவந்த இடம் ஆகிய அனைத்தும் அதில் முடிந்து வைக்கப்பட்டுள்ளன.

முற்காலத்தில் குடிமகனின் அந்தரங்கத்தைப் பெரிதும் காத்தது சட்டம் அன்று, கண்காணிப்போரின் களைப்பே. அக்களைப்பை அறிவியல் நீக்கிவிட்டது. ஆகவே அது செய்துவந்த காவலை இனிச் சட்டமே செய்தாக வேண்டும். இதனை நம் நாட்டு வழக்குகள் சிலவற்றின் துணையோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர் 1941ஆம் ஆண்டில் ஒரு கொள்ளை வழக்கில் சேர்க்கப்பட்டார். சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டார். எனினும் காவல்துறையினர் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு ஒன்றைத் திறந்து, அவரைத் தொடர்ந்து கண்காணித்தனர். இரவு நேரங்களில் காவலர்கள் வந்து கதவைத் தட்டி அவரை எழுப்புவர். அவர் வெளியூர் சென்றால் அங்குள்ள காவல் நிலையத்திற்குச் செய்தி போகும். அவர் வீட்டை மறைந்திருந்து கவனிக்கவும் காவல் ஒழுங்குவிதிகளில் இடமிருந்தது.

கரக் சிங் உச்ச நீதிமன்றத்தை நாடினார். ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு 1962 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வழங்கியது. இரவில் வீடு புகுந்து சோதிப்பது செல்லாது என்பதில் அனைவரும் உடன்பட்டனர். ஆனால் மறைந்திருந்து கவனிப்பது முதலிய ஏனைய விதிகள் செல்லும் என்று நால்வர் கருதினர். அந்தரங்க உரிமை நம் அரசியலமைப்பில் உறுதியளிக்கப்பட்ட உரிமையன்று என்பது அவர்கள் முடிவு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராஜகோபால ஐயங்கார். மாறுபட்டு எழுதியவர் நீதிபதி சுப்பாராவ். அவரோடு நீதிபதி ஷாவும் உடன்பட்டார். ஐயங்கார், சுப்பாராவ் இருவருமே முன்னர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளாக வீற்றிருந்தவர்கள் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது.

ஒருவனுக்குத் தெரியாமல் அவனைக் கவனிப்பதால் அவன் நடமாட்டம் தடைப்படுவதில்லை என்பது பெரும்பான்மையோர் வாதம். நிழல்போல் பின்தொடரப்படுபவன் உடலால் நடந்தாலும் பொறியைப் போலத்தான் நடப்பான் என்பது சுப்பாராவின் மறுப்பு. அந்தரங்கம் தனிமனித விடுதலையின் இன்றியமையாத கூறு என்றும் அவர் எழுதினார்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. கதவைத் தட்டும் காவலரைத் தடுத்த அத்தீர்ப்பு, கதவைத் தட்டாத காவலரை அனுமதித்தது. 1962இல் இதனால் விளைந்த தீமைக்கு ஓர் எல்லை இருந்தது. ஒருவரைக் கவனிக்க ஒரு காவலராவது தெருவில் நிற்கவேண்டும். அவருக்குச் சம்பளம் தரவேண்டும். அவருக்கும் பசிக்கும், உறக்கம் வரும். ஆகவே ஊரில் ஒருவர் இருவரைக் கவனிக்கலாமேயன்றி ஊர் முழுவதையும் கவனிக்க இயலாது. காவலரின் உறக்கமே ஏனையோருக்குக் காவலாக இருந்தது.

தொலைபேசியும் அரசியலும்

அடுத்து வந்தது தொலைபேசி. ஆங்கிலேயர் இயற்றிய 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொது நெருக்கடியின்போதோ பொதுமக்கள் பாதுகாப்பின் பொருட்டோ செய்திகளை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. குற்றவாளிகளுக்கென வகுத்த கருவி அரசியல் எதிரிகள் மேல் பாய்வதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. தொலைபேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்டன என்ற சர்ச்சையில் 1988ஆம் ஆண்டு கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைபேசி உரையாடல் அந்தரங்க உரிமையின் பாற்பட்டது என்று அது கூறியது. ஒட்டுக் கேட்கும் ஆணையை உள்துறைச் செயலாளரே பிறப்பிக்க வேண்டும்; ஆணை இரண்டு மாதங்களுக்கு மட்டுமே செல்லும்; நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதங்களைக் கடக்கக் கூடாது; ஆணையை ஒரு குழு மறு ஆய்வு செய்யவேண்டும் என்னும் நெறிகளை வகுத்தது.

நெறிகள் நல்லனவே. ஆனால் மறு ஆய்வுக் குழுவில் அமர்வோர் யாவர்? மத்திய அரசின் குழுவில் அமைச்சரவைச் செயலாளரும் சட்டத்துறை, தொலைத்தொடர்புத்துறைச் செயலாளர்களும் அமர்வர். ஆணையிடுபவரும் அரசு அதிகாரி. அதனை ஆய்வோரும் அரசு அதிகாரிகள். அரசுக்கு வெளியே உள்ள ஒருவரும் அதனைக் காண்பதில்லை. பழைய தந்திச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் வெளியான விதிகளும் இவ்வமைப்பையே தொடர்கின்றன.

தமிழகத்து வழக்கு ஒன்று

அந்தரங்க உரிமையின் வரலாற்றில் தமிழகத்திற்கும் ஒரு பங்குண்டு. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முற்பட்டது. அதில் அதிகாரிகள் சிலரின் தொடர்பும் கூறப்பட்டிருந்தது. வெளியீட்டைத் தடுக்கச் சிறைத்துறை முயன்றது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டு கருத்துக்களை நிலைநாட்டியது. தன்னைத் தன்போக்கில் விட்டுவிடுமாறு கோர ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்பது ஒன்று. அதிகாரிகள் தம் அலுவல் தொடர்பான செயல்களை மறைக்க அந்தரங்கத்தைக் கேடயமாகக் கொள்ள இயலாது, வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கவும் இயலாது என்பது மற்றொன்று.

குடிமகனின் வீட்டுக்குக் கதவு வேண்டும். அரசு அலுவலகத்துக்குச் சன்னல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு

ஆதார் திட்டத்தை எதிர்த்து, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் வழக்குத் தொடுத்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே அன்று என்று மத்திய அரசு 2015இல் வாதிட்டது. அதற்குச் சான்றாகக் காட்டியது கரக் சிங் வழக்கையும், அதற்கு முந்திய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றையும்தான். ஆகவே ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அமைக்கப்பட்டது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பதின்மரும் ஒருமித்து, அந்தரங்கம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவோடு இணைந்த அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 55 ஆண்டுகளுக்கு முன் சிறுபான்மைக் குரலாக ஒலித்த சுப்பாராவின் கருத்து அன்று நாட்டின் சட்டமாயிற்று.

இவ்வுரிமைக்கும் எல்லை உண்டு. அரசு அதில் தலையிடலாம். ஆனால் தலையீட்டுக்குச் சட்டத்தின் துணை வேண்டும்; நேரிய நோக்கம் வேண்டும்; நோக்கத்திற்கு வேண்டிய அளவை அது மீறலாகாது. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்தக் கூடாது என்று நம் முன்னோர் சொன்னதும் இதுவே.

2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அரசின் உதவித் திட்டங்களுக்கு ஆதார் செல்லும் என்றும், வங்கிக் கணக்கோடும் கைப்பேசி எண்ணோடும் அதனைக் கட்டாயமாக இணைப்பது செல்லாது என்றும், பள்ளிச் சேர்க்கைக்கு அதனைக் கட்டாயமாக்க இயலாது என்றும் கூறப்பட்டது. ஆயினும் நடைமுறை எப்படி இருக்கிறது? எதற்கு விண்ணப்பித்தாலும் ஆதார் நகல் ஒன்று கேட்கிறார்கள். நாமும் கேள்வியின்றிக் கொடுக்கிறோம். நகலெடுக்கும் கடையில் தெளிவின்றி வந்த பிரதியைக் கசக்கி அங்கேயே போட்டுவிட்டு வருகிறோம். உரிமை ஏட்டில் இருக்கிறது. பழக்கம் நாட்டில் வரவில்லை.

உறங்காத கருவி

கைப்பேசி இயங்க வேண்டுமாயின் அது அருகிலுள்ள கோபுரத்தோடு தொடர்பு கொண்டாக வேண்டும். எனவே நாம் எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்து யாரோடு எவ்வளவு நேரம் பேசினோம் என்பது நிறுவனத்தின் ஏட்டில் பதிவாகிறது. பேச்சை ஒருவரும் கேட்க வேண்டியதில்லை. நள்ளிரவில் மருத்துவமனை அருகிலிருந்து சென்ற அழைப்பும், போராட்டம் நடந்த திடலுக்கு அருகே பதிவான எண்ணும் தாமே கதை சொல்லும். கரக் சிங்குக்காகத் தெருவில் நின்ற காவலரின் வேலையை இன்று கோபுரம் செய்கிறது. அது சம்பளம் கேட்பதில்லை, உறங்குவதும் இல்லை, ஒருவரை மட்டும் கவனிப்பதும் இல்லை.

பேச்சையும் கேட்கும் கருவிகளும் உள. இசுரேலிய நிறுவனம் ஒன்றின் பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள் இந்தியாவில் இதழாளர், அரசியல்வாதிகள் முதலியோர் மேல் ஏவப்பட்டதாக 2021இல் செய்திகள் வெளியாயின. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஆய்வுக்குழு ஒன்றை அமைத்தது. குழு சோதித்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது என்றும், அது பெகாசஸ்தான் என்பதற்கு முடிவான சான்று இல்லை என்றும், மத்திய அரசு குழுவுக்கு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றமே அமைத்த குழுவுக்கு விடை கிடைக்கவில்லையெனில், தனி ஒரு குடிமகன் யாரிடம் போய்க் கேட்பான்?

கேடயமும் திரையும்

2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நம் செய்திகளைத் திரட்டும் நிறுவனம் எதற்காகத் திரட்டுகிறது என்று சொல்லவேண்டும், நம் இசைவைப் பெறவேண்டும், கேட்டால் திருத்தவோ அழிக்கவோ வேண்டும் என்கிறது அச்சட்டம். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக அரசின் எந்த அமைப்புக்கும் விலக்களிக்க மத்திய அரசுக்கே அதிகாரம் தரப்பட்டுள்ளது.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. இதே சட்டம், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) என நாம் எண்ணத்தக்க தனிநபர் தகவல் உட்பிரிவையும் திருத்திவிட்டது. முன்பு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலையே அதிகாரி மறுக்கலாம். திருத்தத்திற்குப் பின், தனிநபர் தகவல் என்ற ஒன்றே மறுப்புக்குப் போதுமான காரணமாகும். பொதுநலன் மிகுதியாயின் தரலாம் என்னும் வேறொரு பிரிவு எஞ்சியிருப்பது மட்டுமே ஆறுதல். 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது இத்திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. இசைவு முதலிய குடிமக்களுக்கான பாதுகாப்புகளுக்கோ 18 மாதத் தவணை அளிக்கப்பட்டது. குடிமகனுக்குக் கேடயமாக வேண்டிய உரிமை முதலில் அதிகாரிக்குத் திரையாகிவிட்டது. 1994இல் நம் மாநிலத்து வழக்கு கற்பித்த பாடத்திற்கு இது நேர்மாறானது அன்றோ?

ஒற்றரை ஆராய்வது யார்?

“நாட்டைக் காக்க உளவு வேண்டாவா?” என்று கேட்கலாம். வேண்டும். வள்ளுவரே ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். ஆயினும் அவர் ஒற்றரை அப்படியே நம்பிவிடச் சொல்லவில்லை. ஓர் ஒற்றர் கொணர்ந்ததை வேறோர் ஒற்றரால் சோதிக்கவும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தபின் தெளியவும் கூறினார். கண்காணிப்பவரையும் கண்காணிக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

பிற நாடுகள் இதற்கு வழி தேடியுள்ளன. அமெரிக்காவில் வாட்டர்கேட் ஊழலுக்குப் பின், 1978இல் அயல்நாட்டு உளவு தொடர்பான ஆணைகளை வழங்கத் தனி நீதிமன்றம் அமைக்கப்பட்டது. பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமைச்சர் கையெழுத்திட்ட ஆணையை உயர்ந்த நீதிப் பதவி வகித்த ஆணையர் ஒருவரும் ஏற்கவேண்டும். இவை குறையற்றவை அல்ல. கோடிக்கணக்கான அழைப்புப் பதிவுகளை மொத்தமாகத் திரட்ட அமெரிக்கத் தனி நீதிமன்றம் இசைந்திருந்தது என்பதை 2013இல் எட்வர்ட் ஸ்நோடன் வெளிப்படுத்தினார். மூடிய அறையில் அமரும் நீதிபதி மட்டும் போதாது. ஆண்டுதோறும் மக்கள் மன்றத்திற்குக் கணக்கும் தரப்பட வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நம் நாட்டில் அந்தரங்க உரிமை பிறந்துவிட்டது, ஆனால் அதனைக் காக்கும் வேலி இன்னும் அரைகுறையாகவே நிற்கிறது என்பது விளங்கும். பூட்டு நம்முடையது; சாவி வேறொருவர் கையில் இருக்கிறது. ஒட்டுக் கேட்கும் ஆணைகளை அரசுக்கு வெளியே உள்ள நீதிபதி ஒருவர் பார்த்தபின்பே நிறைவேற்ற வேண்டும். எத்தனை ஆணைகள் பிறந்தன என்ற எண்ணிக்கையாவது சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ஆண்டுதோறும் வைக்கப்பட வேண்டும். ஆய்வு முடிந்து, குற்றமற்றவர் என்று தெளிந்த பின்னராவது, கண்காணிக்கப்பட்டவருக்கு அச்செய்தி தெரிவிக்கப்பட வேண்டும். எந்தக் கட்சி ஆண்டாலும் இவை பொருந்தும். இன்று ஆள்வோர் நாளை எதிர்க்கட்சியினர் ஆவர். அன்று அவர்களுக்கும் இவ்வேலியே துணை.

மாணவராகிய நாமும் ஒன்று செய்யலாம். படிவத்தை நீட்டுவோரிடம், “இது எதற்கு? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?” என்று பணிவோடு கேட்கலாம். கேட்பது குற்றமன்று. மடியில் இருப்பது நம் கனம். அதை அவிழ்க்கச் சொல்பவரே காரணம் கூறக் கடமைப்பட்டவர்.