மண்சரிவும் விசுவாசமும்

கேள்வி: மண்சரிவில் என் தங்கச்சி குடும்பமே போய்விட்டது. விசுவாசம் இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, மாவனல்லை

பதில்: இல்லை அம்மா. அப்படிச் சொன்னவர் லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கட்டும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசுவே பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்கிறார். 2016 மே 17 அன்று உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் இறங்கியது. காரணம் விடாமல் கொட்டிய மழையும் செங்குத்தான நிலமும்தான். செத்தவர்களின் ஜெபக் குறைவு அல்ல.

இறப்பர் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும்: மழை பிடித்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் முழுப்பேரும், அதாவது முழுநாள் சம்பளமும், இல்லை. இரட்சிப்பையும் நாம் அப்படியே செக்ரோல் சம்பளக் கணக்காகப் பார்க்கிறோம். மத்தேயு 20இல் வரும் திராட்சைத் தோட்டக்காரரோ, கடைசி ஒரு மணி நேரம் நின்றவனுக்கும் முழுப்பேர் போட்டார். உங்கள் தங்கச்சி அந்தத் தோட்டக்காரரின் கையில்தான் இருக்கிறாள் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

கோபம் வந்தால் அடக்க வேண்டாம். கடவுளிடமே சண்டை போடுங்கள், யோபு போட்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மண்சரிவு எச்சரிக்கை வந்தால், ஜெபத்தைப் பாதியில் விட்டாவது பிள்ளைகளோடு லயத்தைவிட்டு இறங்கிவிடுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117.